வாயில்லா ஜீவன்களுக்காக ஒரு தொழில்: சிலர் ஏன் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள்?

பிளஸ் டூ முடிவு வெளியாகும் வாரத்தில் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்திலுள்ள எங்கள் சித்தூர் தாலுகாவில் ஏதாவது ஒரு வீட்டில் இந்த வாக்குவாதம் நடக்கும். நல்ல மதிப்பெண் எடுத்த பெண்ணோ பையனோ "கால்நடை மருத்துவம் படிக்கப் போகிறேன்" என்று சொல்வார்கள். "இத்தனை மார்க் வாங்கிவிட்டு மாட்டுச் சாணத்திலா கை வைக்கப் போகிறாய்?" என்று மாமாவோ பெரியப்பாவோ கேட்பார். கேட்கிறவரும் அன்று காலை சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு வந்தவராகவே இருப்பார். கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று தமிழ் பேசும் ஊர்கள் நிறைந்த இந்தப் பாலக்காட்டு எல்லையில் மாட்டை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம். நள்ளிரவில் மாட்டு டாக்டரைத் தேடி ஓடாத வீடு குறைவு. இருந்தும், அந்த டாக்டராகத் தன் பிள்ளை ஆவதை நினைத்துப் பார்க்கப் பலருக்குத் தயக்கமாக இருக்கிறது.

பிள்ளைக்கும் விளக்கத் தெரியாது. "எனக்குப் பிடிக்கும்" என்பதோடு நின்றுவிடும். அந்தப் 'பிடிக்கும்' என்பதற்குள் என்னவெல்லாம் அடங்கியிருக்கிறது என்று எளிமையாகச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். படிக்கப் போகும் பிள்ளைக்கும் சரி, அனுப்பத் தயங்கும் பெற்றோருக்கும் சரி, இது தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் எந்த விலங்கைப் பற்றிப் பேசுகிறோம் என்று பார்த்துக்கொள்வோம். உதவி தேவைப்படும் விலங்கு என்றதும் சாலையில் அடிபட்ட நாய்க்குட்டி பலர் மனதில் வரும். அதுவும் உண்டு. கன்று குறுக்கே திரும்பிக்கொண்டதால் ஈன முடியாமல் தவிக்கும் பசு, கோமாரியில் வாய் புண்ணாகித் தீனி எடுக்க முடியாத எருது, பூரத்துக்குப் பூரம் லாரியில் ஏற்றி இறக்கப்படும் யானை, தாயை இழந்து காட்டோரம் நிற்கும் யானைக்குட்டி, கிணற்றில் விழுந்த மயில், பிளாஸ்டிக் பையைத் தின்று வயிறு அடைத்துக்கொண்ட நகரத்து மாடு எல்லாமே இந்தக் கணக்கில்தான் வரும். இவற்றைக் கவனிப்பவர்களும் டாக்டர்கள் மட்டுமல்லர். கால்நடை ஆய்வாளர்கள், ஆஸ்பத்திரிப் பராமரிப்பு உதவியாளர்கள், யானைப் பாகன்கள், அவர்களுக்குத் துணையாக நிற்கும் காவடிகள், காப்பகப் பணியாளர்கள், வனத்துறையின் மீட்புக் குழுவினர் என்று பலர் இருக்கிறார்கள்.

பார்த்ததும் பொங்கும் பரிவு

எல்லோருக்கும் தெரிந்த காரணம் பாசம். அது எங்கிருந்து வருகிறது என்பதற்கு அறிவியலில் சில நல்ல விடைகள் உண்டு. ஆஸ்திரியாவைச் சேர்ந்த விலங்கு நடத்தை ஆய்வாளர் கொன்ராட் லோரன்ஸ் 1943இல் ஒரு கருத்தை முன்வைத்தார். உருண்டைத் தலை, பெரிய கண்கள், சிறிய மூக்கு, குண்டுக் கன்னம் ஆகிய குழந்தை முகத்தின் அடையாளங்களைக் கண்டதும் மனித மனத்தில் காப்பாற்றும் உந்துதல் தானாக எழுகிறது என்றார். மனிதக் குழந்தைக்காக உருவான அந்த உந்துதல் நாய்க்குட்டியிடமும் கன்றுக்குட்டியிடமும்கூட வேலை செய்கிறது.

2015இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இன்னொன்றைக் கண்டார்கள். நாயும் அதை வளர்ப்பவரும் ஒருவரையொருவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டால் இருவர் உடலிலும் ஆக்ஸிடோசின் அளவு கூடுகிறது. மனிதர் கையில் வளர்ந்த ஓநாய்களிடம் அது நடக்கவில்லை. ஆக்ஸிடோசின் எங்கள் பக்கத்துப் பால்காரர்களுக்குப் புதிய பெயர் அல்ல. பசுவின் மடியில் பாலை இறங்கச் செய்வதும், தாயையும் சேயையும் பிணைப்பதும் இதே ஹார்மோன்தான்.

ஆனால் இந்த விளக்கம் பாதி தூரம்தான் வருகிறது. அழகான கண்கள் உள்ள குட்டியை யாருக்கும் பிடிக்கும். அதனால் யாரும் ஐந்தரை ஆண்டு கால்நடை மருத்துவம் படித்துவிடுவதில்லை. காலில் புழு வைத்த கிழ எருதையும், கடிக்க வரும் தெருநாயையும், பிணம் தின்னும் பாறு கழுகையும் கவனிப்பவர்களை இந்தக் கோட்பாட்டால் விளக்க முடியாது. பாறு கழுகையே எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டுக்கு வலி மருந்தாகப் போட்ட டைக்ளோஃபெனாக், அந்த மாடு செத்த பிறகு அதைத் தின்ற கழுகின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது. இந்தியாவில் வெண்முதுகுப் பாறு கழுகுகள் 99 சதவீதத்துக்கும் மேல் அழிந்துபோக அதுவே முக்கியக் காரணம். 2006இல் அந்த மருந்தைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்தத் தடை வந்தது. இன்று மோயாற்றுப் பள்ளத்தாக்கிலும் வயநாட்டிலும் மிஞ்சியிருக்கும் கழுகுகளுக்காக மாட்டுத் தொழுவத்தில் நின்று, கழுகுக்குக் கேடு செய்யாத மெலாக்ஸிகாம் என்ற வலி மருந்து ஊசியைத் தேர்ந்தெடுக்கும் டாக்டர், அந்தக் கழுகின் முகத்தைப் பார்க்கப் போவதே இல்லை.

கை செய்யத் தெரிந்துகொள்ளும் நாள்

என் எண்ணத்தில், இந்தத் தொழிலுக்கு ஒருவரை இழுத்து வந்து நிறுத்தி வைப்பது வேறொன்று. துன்பத்தைப் பார்த்துக் கலங்கி நின்ற ஒருவர், அதே துன்பம் தேர்ந்த ஒரு கையால் நிற்பதைப் பார்க்கிறார். அதன்பின் அந்தக் கை தனக்கும் வேண்டும் என்று ஆசைப்படுகிறார். கலக்கம் எல்லோருக்கும் வரும். அது திறமையாக மாறும் இடத்தில்தான் தொழில் பிறக்கிறது.

பால் மாடு வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஓர் உதாரணம் உண்டு. மூன்றாவது, நான்காவது ஈற்றில் இருக்கும் கலப்பினப் பசு நன்றாகக் கன்று ஈன்றிருக்கும். மறுநாளோ அதற்கடுத்த நாளோ பின்னங்கால் தள்ளாடும். பிறகு படுத்துவிடும். கழுத்தை மடித்துத் தலையை விலாவின் மேல் வைத்துக்கொள்ளும். காதைத் தொட்டால் சில்லென்றிருக்கும். அசை போடாது, சாணம் போடாது. பார்ப்பவர்கள் "போய்விடும் போலிருக்கிறது" என்பார்கள். இதற்குப் பால் காய்ச்சல் என்று பெயர். ஆனால் உடலில் காய்ச்சல் இருக்காது, வெப்பம் குறைந்துதான் இருக்கும். சீம்பாலுக்காக மடி ஒரேயடியாகச் சுண்ணாம்புச் சத்தை இழுத்துக்கொள்ள, எலும்பிலிருந்தும் தீனியிலிருந்தும் அது அதே வேகத்தில் வந்து சேராததால் இரத்தத்தில் கால்சியம் விழுந்துவிடுகிறது. கால்சியம் இல்லாமல் தசை இயங்காது.

டாக்டர் வந்து 450 மில்லி கால்சியம் பாட்டிலைக் கழுத்து இரத்தக் குழாய் வழியாக ஏற்றுகிறார். அவசரப்பட்டு ஏற்றினால் இதயமே நின்றுவிடக்கூடும். ஆகவே ஒரு கை பாட்டிலைப் பிடித்திருக்க, ஸ்டெதாஸ்கோப் மாட்டின் நெஞ்சில் இருக்கும். சொட்டுச் சொட்டாகத்தான் போகும். கயிற்றைப் பிடித்திருக்கும் வீட்டுக்கார ஆத்தா, "அம்மிணி, எழுந்துவிடுமா?" என்று கேட்பார். "எழுந்துவிடும் ஆத்தா, கொஞ்சம் பொறுங்கள். தண்ணீர் காட்ட வேண்டாம், புரையேறிவிடும்" என்பார் டாக்டர். பாட்டில் பாதி இறங்கும்போது தோல் சிலிர்க்கும், தசை நடுங்கும். ஏப்பம் விடும், சாணம் போடும். பெரும்பாலான மாடுகள் சிறிது நேரத்திலோ ஓரிரு மணி நேரத்திலோ முன்னங்காலை ஊன்றி எழுந்து கன்றைத் தேடும்.

இதைப் பத்து வயதில் பார்த்த குழந்தையின் மனதில் என்ன பதியும் என்று யோசித்துப் பாருங்கள். செத்துவிடும் என்று வீடே அழுத மாடு கண்ணெதிரே எழுந்து நிற்கிறது. அப்படி எழச் செய்தது மந்திரம் அல்ல, கற்றுக்கொள்ளக்கூடிய ஒன்று. எங்கள் பகுதியில் இந்தத் துறைக்குப் போன பலரிடம் பேசியிருக்கிறேன். காரணம் கேட்டால் கொள்கை எதையும் சொல்ல மாட்டார்கள். ஒரு மாட்டைப் பற்றியோ ஆட்டைப் பற்றியோ, அன்று வந்த டாக்டரைப் பற்றியோ சொல்லத் தொடங்கிவிடுவார்கள். சிலர் சொல்வது நேர்மாறானது: அன்று டாக்டர் வரவில்லை, மாடு செத்துப்போனது, அந்த இரவை மறக்க முடியவில்லை என்பார்கள். இரண்டும் ஒரே இடத்துக்குத்தான் கொண்டுவந்து விடுகின்றன.

இதில் குடும்பமும் சேர்ந்திருக்கிறது. ஒற்றைப் பசுவை வைத்துப் பிள்ளையின் கட்டணம் கட்டும் வீட்டில், அந்தப் பசு விழுந்தால் வீட்டின் பண ஓட்டமே விழுந்துவிடும். கால்நடை டாக்டர் காப்பாற்றுவது ஒரு விலங்கை மட்டுமா, அந்த வீட்டின் மளிகைக் கடனையும் சேர்த்துத்தான். விலங்குகளுக்காக உழைப்பவர்கள் மனிதர்களை விரும்பாதவர்கள் என்று ஒரு பேச்சு உண்டு. எங்கள் ஊர்களில் வந்து பார்த்தால் அது எவ்வளவு தவறு என்று தெரியும். நோயாளியால் பேச முடியாது. "நேற்று தீனி எடுத்ததா? சாணம் எப்படி இருந்தது? சினை ஊசி போட்டு எத்தனை மாதம்?" என்று உரியவரிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கோட்டயத்திலிருந்து மாற்றலாகி வரும் டாக்டர்கள் எங்கள் தமிழை முதல் சில மாதங்களிலேயே கற்றுக்கொள்வது இதனால்தான். ஆத்தாமார்களிடம் பொறுமையாகப் பேசத் தெரியாதவர் இந்த வேலையில் பாதிதான் டாக்டர்.

திரும்பக் கிடைக்காத இடத்திலும்

மாடு எழுந்து நிற்கிறது, நன்றியோடு பார்க்கிறது. அந்த நிறைவுக்காக வேலை செய்வது எளிதில் புரிகிறது. அப்படி எதுவுமே திரும்பக் கிடைக்காத இடத்தில் சிலர் ஆயுள் முழுவதும் நின்றிருக்கிறார்கள். அவர்களைப் பார்த்தால்தான் இந்தத் தேர்வின் ஆழம் விளங்கும்.

பொள்ளாச்சிக்கு மேலே டாப்சிலிப்பில் பணியாற்றிய வனத்துறைக் கால்நடை மருத்துவர் டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தி (1929–2002) யானை டாக்டர் என்றே அறியப்பட்டவர். உயிரோடிருந்த யானைகளுக்கு வைத்தியம் பார்த்ததோடு அவர் நிற்கவில்லை. காட்டில் செத்து அழுகிக் கிடந்த யானைகளையும் பிரேதப் பரிசோதனை செய்து, சாவுக்குக் காரணம் நோயா, குண்டா, விஷமா என்று பதிவு செய்தார். நாற்றத்தைத் தாங்கிக்கொண்டு அந்த உடலுக்குள் இறங்கி வேலை செய்ய வேண்டியிருந்தது. அந்த யானைக்கு இனி ஒன்றும் செய்ய முடியாது. அடுத்த யானை எதனால் சாகக்கூடும் என்று தெரிந்துகொள்ளவே அந்த உழைப்பு.

இன்னொருவர் திருச்சூரை அடுத்த மண்ணுத்தியில் பேராசிரியராக இருந்த டாக்டர் சோசம்மா ஐப். கேரளத்தின் குள்ள இனமான வெச்சூர் பசு, கலப்பினத் திட்டங்களாலும் நாட்டுக் காளைகளுக்கு ஆண்மை நீக்கம் செய்யச் சொன்ன 1961ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் ஏறக்குறைய மறைந்தே போயிருந்தது. 1989இல் அவரும் மாணவர்களும் ஊர் ஊராகத் தேடிச் சில மாடுகளைக் கண்டெடுத்து இனத்தைப் பெருக்கத் தொடங்கினார்கள். 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. ஒரு தனி மாடு நோயில் விழுவதைப் போல ஓர் இனமே விழவும் கூடும். அதைக் கவனிக்கவும் ஆள் வேண்டும்.

மூன்றாவது உதாரணம் இன்னும் கடினமானது. பாலக்காடு நகருக்கு அருகிலுள்ள தோணிப் பகுதி மக்களை நீண்ட காலம் அச்சத்தில் வைத்திருந்த பி.டி. 7 என்ற காட்டு யானையை 2023 ஜனவரியில் வனத்துறை மயக்க ஊசி போட்டுப் பிடித்தது. கும்கிகள் தள்ளிவர, மரக்கொட்டிலில் அடைத்தார்கள். பிறகு பரிசோதித்தபோது அதன் உடலில் பெல்லட் குண்டுகள் பாய்ந்திருந்ததும், ஒரு கண்ணில் பார்வை போயிருந்ததும் தெரியவந்தன. பயமுறுத்திய விலங்குதான், காயம்பட்ட விலங்கும்கூட. அதற்குத் தினமும் தீனி வைத்து, புண்ணுக்கு மருந்து போட்டு, அதன் கோபம் தணியும்வரை காத்திருந்தவர்களைப் பாசம் என்ற ஒற்றைச் சொல்லில் அடக்க எனக்கு மனம் வரவில்லை. ஊர் மக்களின் பயத்தையும் யானையின் வலியையும் ஒன்றாகச் சுமப்பது அந்த வேலை.

இந்தக் கடமை உணர்வு இந்த மண்ணுக்குப் புதியதும் அல்ல. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அசோகர் வெட்டுவித்த இரண்டாம் பாறைக் கல்வெட்டு, மனிதருக்கும் விலங்குகளுக்கும் இருவகை மருத்துவ ஏற்பாடுகள் செய்யப்பட்டதைச் சொல்கிறது. தம் ஆட்சிக்கு அப்பாற்பட்ட சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் நாடுகளையும் அதில் குறிப்பிடுகிறார். ஆந்திரத்தின் கர்னூல் பக்கம் எர்ரகுடியில் அவருடைய பாறைக் கல்வெட்டுகளை இன்றும் பார்க்கலாம். நம் காலத்துக்கு வந்தால், 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட ருக்மிணி தேவி அருண்டேல் விலங்கு வதைக்கு எதிராகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். 1960இல் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் பிறக்க அதுவே தூண்டுதல். 1962இல் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவர்தான். நடனக் கலைஞராக உலகம் அறிந்த ஒருவர் இதற்காக நாடாளுமன்றத்தில் வாதாடினார் என்பதை நம் பிள்ளைகள் பாடப் புத்தகத்தில் படிக்க வேண்டும்.

அன்பைக் காட்டிக் கூலியைக் குறைப்பது

இந்தப் பகுதியைப் பெற்றோர் கவனமாகப் படிக்க வேண்டுகிறேன். அமெரிக்கா, கனடாவில் உள்ள 157 மிருகக்காட்சிச் சாலைகளின் விலங்குப் பராமரிப்பாளர்களை ஆராய்ந்து பண்டர்சன், தாம்ப்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 2009இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அந்தப் பணியாளர்களில் பெரும்பாலோர் கல்லூரி படித்தவர்கள். சம்பளமோ குறைவு. இருந்தும் ஏன் விடாமல் இருக்கிறார்கள்? "இதற்காகவே பிறந்தேன்" என்ற உணர்வு அவர்களிடம் வலுவாக இருந்தது. அந்த உணர்வு வாழ்க்கைக்குப் பொருள் தந்தது, வேலையில் பெருமை தந்தது. அதே உணர்வுதான் சம்பளத்தையும் ஓய்வையும் உடல் நலத்தையும் விட்டுக்கொடுக்கவும் அவர்களைத் தூண்டியது. நிர்வாகம் அதைத் தனக்குச் சாதகமாக்கிக்கொள்ளவும் இடம் கொடுத்தது. இருபுறமும் கூரான கத்தி என்று அந்த ஆய்வாளர்கள் இதைச் சொன்னார்கள்.

நம் ஊரிலும் இதுதான் நடக்கிறது. ஆனைமலையில் கோழிகமுத்தி முகாமின் யானைகளோடு வாழும் மலசர் இனப் பாகன்கள், முதுமலைத் தெப்பக்காட்டின் பாகன்கள், காவடிகள் ஆகியோரின் அறிவு தலைமுறை தலைமுறையாக வந்தது. மதம் பிடிக்கும் அறிகுறியை அவர்கள் கண்ணால் பார்த்தே சொல்வார்கள். "அவர்களுக்கு யானை என்றால் உயிர்" என்று புகழ்வதோடு நாம் நின்றுவிடுகிறோம். அந்த உயிருக்குரிய சம்பளம், வீடு, காப்பீடு, பணி நிரந்தரம் பற்றிப் பேசுவது குறைவு. தாயை இழந்த குட்டிகளைத் தெப்பக்காட்டில் வளர்த்த பெள்ளியை 2023இல் தமிழ்நாடு அரசு காவடியாக நியமித்தது. மாநிலத்தின் முதல் பெண் காவடி என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது. மகிழ்ச்சியான செய்திதான். யானைக் கொட்டிலில் எத்தனையோ பெண்கள் செய்துவரும் வேலைக்கு ஒரு பதவிப் பெயர் கிடைக்க அவ்வளவு காலம் ஆனது என்பதையும் சேர்த்தே பார்க்கிறேன். தனியார் காப்பகங்களில் கூண்டு கழுவுபவர்களின் நிலை இதைவிடக் கடினம். விலங்கை நேசிப்பவர் என்பது ஒருவருக்குக் குறைந்த கூலி கொடுப்பதற்கான காரணமாக ஒருபோதும் ஆகக் கூடாது.

மனம் களைக்கும்போது

வலியைத் தினமும் பார்ப்பவரின் மனமும் வலிக்கும். தொடர்ந்து பரிவு காட்டுவதாலேயே வரும் இந்த மனக்களைப்பைப் பரிவுச் சோர்வு என்பார்கள். செவிலியர்களைப் பற்றிப் பேசும்போது 1990களில் பரவலான கருத்து இது. விலங்குப் பணியில் இன்னொரு பாரமும் சேர்கிறது. காப்பாற்ற வந்தவரே சில நேரம் உயிரை முடித்துவைக்க வேண்டியிருக்கிறது. முதுகெலும்பு முறிந்து மீள முடியாத நாய்க்குக் கருணைக்கொலை ஊசி போடும் கையும், காலையில் குட்டிக்குத் தடுப்பூசி போட்ட கையும் ஒன்றே. அமெரிக்க தத்துவவாதி பெர்னார்ட் ரோலின் 1980களிலேயே இதை மனச்சாட்சி சார்ந்த தனி நெருக்கடி என்று அடையாளம் காட்டினார். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ஆய்வாளர்கள் 1979 முதல் 2015 வரையிலான மரணங்களைப் பரிசீலித்து 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்நாட்டுக் கால்நடை மருத்துவர்களில் தற்கொலை விகிதம் பொது மக்களைவிட அதிகம், ஆண்களிடம் 2.1 மடங்கு, பெண்களிடம் 3.5 மடங்கு. பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. இந்த வேலைக்குப் போகும் பிள்ளை சோர்ந்துபோனால் அது பலவீனம் அல்ல, தொழிலோடு வரும் ஆபத்து என்று வீட்டார் அறிந்திருக்க வேண்டும். மனநல உதவிக்கு 14416 என்ற டெலி மானஸ் இலவச எண் நாடு முழுவதும் இருக்கிறது. தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம்.

எங்கள் எல்லைக்கே உரிய ஒரு நெருக்கடியும் உண்டு. செவ்வாய், வியாழன் தோறும் கூடும் பொள்ளாச்சி மாட்டுச் சந்தையிலிருந்து கோபாலபுரம் வழியாகவும் வாளையார் வழியாகவும் மாடுகள் கேரளத்துக்கு வருகின்றன. வளர்ப்புக்கு வருபவையும் உண்டு, இறைச்சிக்கு வருபவையும் உண்டு. ஐந்து ஈற்றுக்குத் தான் வைத்தியம் பார்த்த பசு பால் வற்றியதும் அந்த லாரியில் ஏறுவதை டாக்டர் பார்க்கிறார். விற்றவர் கொடியவர் அல்லர். வற்றிய மாட்டுக்குத் தீனி போட முடியாத ஏழை, அடுத்த மாட்டை வாங்க அந்தப் பணத்தை நம்பியிருப்பவர். இங்கே கேரளத்தில் மாட்டிறைச்சி சாதாரண உணவு. இதைப் பார்த்து விவசாயியை வெறுக்கத் தொடங்கினால் டாக்டரால் ஒரு தொழுவத்துக்குள்ளும் நுழைய முடியாது. கண்ணை மூடிக்கொண்டாலும் தன்னையே மதிக்க முடியாது. என் பார்வையில் நேர்மையான வழி, அந்தப் பயணத்தில் மாட்டுக்கு உரியது கிடைக்கிறதா என்று பார்ப்பது. 1978ஆம் ஆண்டின் விலங்குப் போக்குவரத்து விதிகள் இடம், தண்ணீர், தீனி, டாக்டர் சான்று எல்லாவற்றையும் சொல்கின்றன. சாகப் போகும் விலங்குக்கும் தாகம் எடுக்கும். நின்றுகொண்டே வரும் மாட்டின் கால் உடைந்தால் அதற்கும் வலிக்கும். அந்த வலியைக் கவனிப்பவரும் கருணைப் பணி செய்பவர்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

போக நினைப்பவர்களுக்கு

கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பு, ஓராண்டு உள்ளகப் பயிற்சி சேர்த்து ஐந்தரை ஆண்டுகள். தமிழ்நாட்டில் சென்னை வேப்பேரியின் கல்லூரி 1903இல் தொடங்கியது. நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு, தலைவாசல், தேனி, உடுமலைப்பேட்டையிலும் அரசுக் கல்லூரிகள் உண்டு. உடுமலை எங்களுக்கு மிக அருகில். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பெரும்பாலான இடங்கள் பிளஸ் டூ மதிப்பெண்ணில் நிரப்பப்படுகின்றன. கேரளத்தில் மண்ணுத்தியிலும் வயநாட்டுப் பூக்கோட்டிலும் கல்லூரிகள் உண்டு. அங்கே நீட் தரவரிசை வேண்டும். எல்லையில் வசிப்பவர்கள் எந்த மாநிலத்தின் இருப்பிடச் சான்று தமக்குப் பொருந்தும் என்று பதினொன்றாம் வகுப்பிலேயே விசாரித்துவிடுவது நல்லது. டாக்டர் படிப்பு கிடைக்காவிட்டால் கதவு மூடிவிடாது. கேரளத்தின் தொழிற்கல்வி மேல்நிலைப் பள்ளிகளில் கால்நடைப் பாடப்பிரிவு இருக்கிறது. ஆய்வாளர், உதவியாளர், கருவூட்டல் பணியாளர் ஆகியோர் இல்லாமல் எந்த ஆஸ்பத்திரியும் ஓடாது. கோமாரித் தடுப்பூசி வீடு வீடாகப் போவது அவர்கள் தோளில் தொங்கும் குளிர்பெட்டியில்தான்.

விண்ணப்பிக்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் ஊர் மாட்டாஸ்பத்திரி டாக்டரிடம் அனுமதி கேட்டு, விடுமுறையில் சில நாட்கள் கூடப் போங்கள். தமிழ்நாடு, கேரளம், ஆந்திரம் மூன்றிலும் 1962 என்ற எண்ணை அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி வருகிறது. உங்கள் தெருவுக்கு அது வரும் நாளில் போய்ப் பக்கத்தில் நில்லுங்கள். கன்று ஈனும் இடத்தில் வாலைப் பிடியுங்கள், வெந்நீர் கொண்டு வாருங்கள். பிழைக்காத மாட்டின் வீட்டில் டாக்டர் எப்படிப் பேசுகிறார் என்று கேளுங்கள். நாற்றமும் இரத்தமும் சில நாட்களில் பழகிவிடும். வீட்டாரின் அழுகையைத் தாங்கிக்கொண்டு அடுத்த வீட்டு மாட்டைப் பார்க்கப் போக முடிகிறதா என்பதுதான் உங்களை நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

போகும்போது ரப்பர் காலணி போட்டுக்கொள்ளுங்கள். நஞ்சுக்கொடியையும் கருச்சிதைவான கன்றையும் வெறுங்கையால் தொடாதீர்கள். மாட்டுக்குக் கருச்சிதைவை உண்டாக்கும் புரூசெல்லோசிஸ் என்ற நோய் மனிதருக்கும் தொற்றும். நாய்களோடு பழகும் இடம் என்றால் வெறிநாய்க்கடிக்கான முன்தடுப்பூசியை அரசு ஆஸ்பத்திரியில் கேட்டு முதலிலேயே போட்டுக்கொண்டு செல்லுங்கள்.